பழைய பிக்கப் வண்டியை நாமே பேணுதல்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. தேரைக் குறித்து எழுந்த அம்மொழி, இன்று நம் வாயிலில் நிற்கும் சரக்கு வண்டிக்கும் முற்றிலும் பொருந்துவதாகும். பண்ருட்டிச் சுற்றுப்புறத்தில் பலாவும் முந்திரியும் பயிரிடும் அங்கத்தினர்களுக்கும், குறிஞ்சிப்பாடி முதலிய ஊர்களில் தறி நெய்யும் அங்கத்தினர்களுக்கும் பிக்கப் வண்டி இன்று நிலத்திற்கும் தறிக்கும் அடுத்த முதலாகிவிட்டது. புது வண்டி வாங்க வசதியற்றோர், பிறர் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓட்டிய வண்டியைக் கடன்பட்டு வாங்குகின்றனர். அந்த வண்டி ஓடினால்தான் கடன் தீரும்.

பழுத்த பலா நமக்காகக் காத்திராது. பருவ காலத்தில் பாரம் ஏற்றிய வண்டி ஓரிரவு வழியில் நின்றால், மறுநாள் விடியற்காலைச் சந்தை தப்பிப்போகும். ஓரிரு நாளில் பழமும் வெடித்து வீணாகும். பாவு நூல் உரிய வேளையில் வந்து சேராவிடில் தறி வெறுமனே நிற்கும். தறி நின்றால் கூலியும் நிற்கும். இவை எல்லாவற்றினும் பெரியது உயிர். பிரேக் பிடிக்காத வண்டி நம்மைச் சந்தைக்குக் கொண்டுபோவதாக எண்ணி ஏறுகிறோம். அது வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடக் கூடும்.

இப்பாடத்தில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. வண்டி வயதினால் கெடுவதைவிட, பார்க்கவேண்டிய காலத்தில் பாராமையினாலேயே மிகுதியும் கெடுகிறது. பார்ப்பதற்குப் பட்டறை வேண்டுவதில்லை. உடையவனுடைய கண்ணும் காதும் கையும் போதும். எதை நாமே செய்யலாம், எதைத் தொடலாகாது என்னும் எல்லையை அறிந்துகொண்டால், பட்டறைச் செலவில் பெரும்பகுதி மிஞ்சும்.

வண்டியின் அமைப்பு

ஆலையிலேயே சரக்குப் பெட்டி பொருத்திய பிக்கப் வண்டியை அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1925-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டில் மஹிந்திரா கம்பெனி 1947-இல் ஜீப் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. அந்த ஜீப்பின் வழிமுறையில் வந்தவையே பின்னாளில் நம் சாலைகளில் மிகுந்த அதன் பிக்கப் வண்டிகள். 2005-இல் டாடா கம்பெனி ‘ஏஸ்’ என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. நம் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டனர். 2011-இல் அசோக் லேலண்டு ‘தோஸ்த்’ வந்தது.

இவ்வகை வண்டிகளின் நற்பண்பு யாதெனில், இவற்றின் உறுப்புகளிற் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரிவன, கைக்கு எட்டுவன. அடியில் நீண்ட இரும்புச் சட்டமாகிய சேஸிஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங், நடுவே சுழலும் தண்டு, அதன் முனைகளில் கிராஸ், பின் அச்சின் நடுவில் கிரவுன் பெட்டி ஆகியவற்றைக் குனிந்து பார்த்தாலே காணலாம். எஞ்சின் சில வண்டிகளில் முன் மூடிக்கு அடியிலும், குட்டி யானை போன்றவற்றில் இருக்கைக்கு அடியிலும் இருக்கும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் முதலிலேயே அறிந்துகொள்ளல் வேண்டும். பழைய வண்டிகளில் டீசல் பம்பு முழுவதும் இயந்திர வகையானது. பின்னர் வந்த பலவற்றில், கணினிப் பெட்டியால் இயங்கும் ‘காமன் ரெயில்’ முறை உள்ளது. புகை விதியில் பி.எஸ். 4 என்னும் படி 2017 ஏப்ரலிலும், பி.எஸ். 6 என்னும் படி 2020 ஏப்ரலிலும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின் இம்முறை மிகுதியாயிற்று. காமன் ரெயில் குழாய்களில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேற்படும். அக்குழாயில் மயிரிழை விரிசலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகவல்லது. நம் வண்டி எவ்வகை என்பதைக் கைப்புத்தகத்தைக் கொண்டோ, மெக்கானிக்கைக் கேட்டோ உறுதி செய்துகொண்ட பின்னரே ஸ்பேனரைக் கையில் எடுத்தல் வேண்டும்.

நான்கு பகைகள்

நம் வட்டாரத்து வண்டிக்குப் பகை நான்கு. அவை தூசி, நீர், உப்பு, பாரம்.

தூசி: பண்ருட்டியின் செம்மண் பலாவுக்கும் முந்திரிக்கும் தாய், எஞ்சினுக்கோ எமன். தோப்பு வழிகளில் எழும் நுண்ணிய மண் ஏர் பில்டரை அடைக்கும். அடைத்த பில்டரால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும், கரும்புகை வரும், இழுவை குறையும், டீசல் செலவு ஏறும். பில்டர் கிழிந்திருப்பின் கேடு இன்னும் பெரிது. உள்ளே புகும் மண், அரத்தைப் போலச் சிலிண்டரைத் தேய்த்துவிடும். காகித பில்டரைக் கழற்றித் தட்டலாம், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மெல்லிய காற்றால் ஊதலாம், நீரில் கழுவலாகாது. வெயிலை நோக்கிப் பிடித்துப் பார்த்து ஒளி தெரியாவிடினும், ஓரிடத்தில் ஓட்டையாக ஒளி தெரிந்தாலும், அதனை நீக்கிப் புதியது போடுவதே சிக்கனம். பில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாயையும் அதன் கிளிப்பையும் தடவிப் பார்த்தல் வேண்டும். அங்கே விரிசல் இருந்தால் பில்டர் இருந்தும் பயனில்லை.

நீர்: வடகிழக்குப் பருவமழையில் நம் மாவட்டம் படும் பாட்டை யாவரும் அறிவர். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் பெருகிய வெள்ளம் கரையோர ஊர்களில் புகுந்தது. அத்தகைய வேளையில் வண்டி நீரில் நின்றிருந்தால், சாவியைத் திருப்பவே கூடாது. நீர் காற்றைப்போல் அமுங்குவதன்று. சிலிண்டருக்குள் நீர் இருக்கையில் எஞ்சினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடியவேண்டியது முழு எஞ்சின் வேலையாகிவிடும். முதலில் பாட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றுக. ஏர் பில்டர் நனைந்துள்ளதா என்று பார்க்க. நனைந்திருப்பின் வண்டியைக் கட்டி இழுத்தே பட்டறைக்குக் கொண்டுசெல்க. ஆயில் குச்சியில் எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறமாக இருந்தால் நீர் கலந்துள்ளது என்பது பொருள். அதனை முற்றும் வடித்துப் புதிது ஊற்றாமல் ஓட்டலாகாது. கியர் பெட்டி, கிரவுன் பெட்டி ஆகியவற்றின் எண்ணெயையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும். சக்கர பேரிங்குகளின் கிரீஸையும் மாற்றுதல் நன்று.

உப்பு: கடலூர்த் துறைமுகப் பக்கம் அடிக்கடி சென்றுவரும் வண்டியும், மீன் பாரம் ஏற்றும் வண்டியும் அடியிலிருந்து துருவேறும். மேற்பூச்சைத் துடைத்து அழகு பார்ப்பதினும், அடிப்புறத்தை நல்ல நீரால் கழுவுதலே மேலானது. பெட்டியின் மூலைகளிலுள்ள வடிதுளைகளில் பலாச் சடையும் பிசினும் சேர்ந்து அடைத்திருக்கும். குச்சியால் குத்தித் திறந்துவிடுக. துருப்பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, உலர்ந்தபின் பெயிண்டு அடிக்கலாம். சேஸிஸ் சட்டத்தில் விரிசல் கண்டால் நாமே பற்றவைக்க முயலலாகாது; அது தேர்ந்தவர் கைவேலை. அவர் பற்றவைக்குமுன் பாட்டரிக் கம்பிகளைக் கழற்றிவிட நினைவூட்டுக.

பாரம்: இதுவே நாம் தெரிந்தே வளர்க்கும் பகை. பதிவுச் சான்றில் வெறும் வண்டியின் எடையும் பாரத்தோடு கூடிய மொத்த எடையும் குறிக்கப்பட்டுள்ளன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நாம் ஏற்றத்தக்கது. முதலில் வந்த குட்டி யானையின் பாரம் ஏறத்தாழ 750 கிலோ. பலா ஒன்று 15 கிலோ எனக் கொண்டால், 50 பழத்துக்கு மேல் இடமில்லை. ஆனால் பெட்டியோ இன்னும் ஏற்று என்று இடம் காட்டும். கண் காட்டும் இடத்தை நம்பாமல் கணக்கை நம்புக.

கூடுதல் பட்டை செருகிவிட்டால் பாரம் தாங்கும் என்று சிலர் கருதுகின்றனர். பட்டை தாங்கலாம், டயரும், பிரேக்கும், அச்சும், சேஸிஸும் பழையனவே அன்றோ? வண்டியின் அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட 194-ஆம் பிரிவின்படி மிகைப்பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அறுவடை ஆட்களைப் பழத்தின்மேல் உட்காரவைத்து அழைத்துவருவதும் சட்டத்துக்குப் புறம்பு. அதைவிட, அவர்கள் நம்மை நம்பி ஏறியவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாள்தோறும் ஐந்து நிமிடம்

காலையில் வண்டியை எடுக்குமுன் செய்யவேண்டியவை இவை.

முதலாவது, வண்டி இரவு நின்ற தரையைப் பார்க்க. கறுப்புச் சொட்டு எஞ்சின் ஆயில். பச்சை அல்லது சிவப்புச் சொட்டு பெரும்பாலும் ரேடியேட்டர் நீர். சக்கரத்தின் உட்புறம் தெளிந்த ஈரம் காணின் பிரேக் ஆயில். பிரேக் ஆயில் ஒழுகும் வண்டியை நகர்த்தவே கூடாது.

இரண்டாவது, சமதரையில் நிறுத்தி ஆயில் குச்சியைத் துடைத்து மீண்டும் இட்டுப் பார்க்க. இரு குறிகளுக்கு இடையே இருத்தல் வேண்டும். மேற்குறிக்கு மேல் ஊற்றுவதும் தீங்கே.

மூன்றாவது, ரேடியேட்டர் நீர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே மூடியைத் திறக்கலாம். சூடாயிருக்கையில் அழுத்தத்திலுள்ள நீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். கிணற்று நீரின் உப்பு, குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளுமாதலால், கூலண்டையும் வடிநீரையும் கைப்புத்தகம் கூறும் அளவில் கலந்து ஊற்றுக.

நான்காவது, பிரேக் ஆயில் டப்பாவின் மட்டம். ஐந்தாவது, டயர்கள், விளக்குகள், ஹாரன். புறப்பட்டுப் பத்தடி சென்றதும் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்தபின் சாலையில் ஏறுக.

தறியில் அறுந்த இழையை அப்போதே பிணைத்துவிட்டால் அது ஓர் இழை. விட்டுவிட்டால் துணியே குறையுடையதாகும். வண்டியும் அப்படியே.

வாரந்தோறும் பார்க்கவேண்டியவை

டயரின் காற்றை, வண்டி ஓடிச் சூடேறுமுன் அளத்தல் வேண்டும். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் பிசகியுள்ளது. தடத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. மழைச்சாலையில் நம் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஆழமே.

பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவே தாழ்தல் வேண்டும். விளிம்பில் பிசிறோ வெடிப்போ இருந்தால் மாற்றிவிட்டு, பழையதில் பயன்படக்கூடியதை வண்டியிலேயே வைத்துக்கொள்க.

பாட்டரி முனைகளில் படியும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வாசலைன் தடவுக. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில் என்பதை மறவற்க. நீர் குறைந்திருந்தால் வடிநீர் மட்டுமே ஊற்றுக. பாட்டரியருகே பீடியோ தீக்குச்சியோ கூடாது. அதிலிருந்து எழும் வாயு வெடிக்கும் தன்மையது. வோல்ட் மீட்டரால் பார்க்கையில், நின்ற வண்டியில் நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டும். ஓடும்போதும் அளவு ஏறாவிடில் குறை பாட்டரியில் அன்று. பெல்ட்டிலோ டைனமோவிலோ உள்ளது. இச்சிறு சோதனையை அறியாமையால் நல்ல பாட்டரியை மாற்றிப் பணம் இழப்போர் பலர்.

கிராஸ், பட்டை ஸ்பிரிங் முனைகள், ஸ்டியரிங் மூட்டுகள் ஆகியவற்றில் நிப்பிள் உள்ள இடமெல்லாம் பழைய கிரீஸ் வெளிவரும்வரை கிரீஸ் கன்னால் அடித்தல் வேண்டும். நிப்பிளை முதலில் துடைக்காவிடில் மண்ணையே உள்ளே அடைத்தவராவோம். பட்டையை அச்சோடு பிணைக்கும் ‘யு’ போல்ட்டுகளின் நட்டையும் அப்போதே முடுக்கிப் பார்க்க.

நாமே செய்யத்தக்க மூன்று வேலைகள்

ஆயில் மாற்றுதல்: சிறிது தூரம் ஓட்டி எஞ்சின் இளஞ்சூடாயிருக்கும்போது, சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சேம்பரின் அடித்திருகைக் கழற்றி முற்றும் வடியவிடுக. திருகின் வாஷரைப் புதிதாக மாற்றுக. புதிய பில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் சிறிது ஆயில் தடவி, கையாலேயே திருகி, வளையம் படிந்தபின் இன்னும் முக்கால் சுற்று முடுக்குக. ஸ்பேனரின் பலம் வேண்டா. கைப்புத்தகம் கூறும் தரத்து ஆயிலையே ஊற்றுக. பழைய டீசல் எஞ்சின் பலவற்றுக்கு 15 டபிள்யூ 40 என்னும் தரம் பொருந்தும். ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சற்றுப் பொறுத்து மட்டத்தை மீண்டும் பார்க்க. வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ தோப்பிலோ கொட்டலாகாது. மூடிய டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் வாங்க உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க.

டீசல் பில்டர்: பில்டரின் அடியிலுள்ள திருகை அவ்வப்போது தளர்த்தி, படிந்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க. நீர் அடியிலும் டீசல் மேலுமாகப் பிரிந்து நிற்கும். டீசல் மட்டும் வரும்வரை வடித்துத் திருகை மூடுக. பில்டரை மாற்றியபின்னும், டாங்கி வற்ற ஓட்டியபின்னும் குழாயில் காற்றுப் புகுந்து வண்டி கிளம்பாது. இதனையே ‘ஏர் லாக்’ என்பர். இயந்திரப் பம்பு வண்டியாயின், பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருக்க. நுரை வருதல் நின்று தெளிந்த டீசல் வழிந்ததும் திருகை முடுக்குக. காமன் ரெயில் வண்டியாயின் கைப்பம்பை அழுத்துவதோடு நின்றுகொள்க. நாசிலுக்குச் செல்லும் இரும்புக் குழாய் எதனையும் தளர்த்தலாகாது.

சக்கரம் மாற்றுதல்: இது எல்லோரும் அறிந்தது என்று கருதப்படுவதாலேயே விபத்து மிகுகிறது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும் உரியது; தாங்குவதற்கு உரியதன்று. அடியில் கையோ தலையோ நுழைக்குமுன் இரும்புத் தாங்கியோ வலுவான மரக்கட்டையோ வைத்தல் வேண்டும். செங்கல் திடீரெனப் பிளந்துவிடும். நட்டுகளை வரிசையாக முடுக்காமல், எதிர் எதிராக முடுக்குக. ஐம்பது முதல் நூறு கிலோமீட்டருக்குள் மீண்டும் ஒருமுறை முடுக்கிப் பார்க்க.

பிரேக்கை அறிதல்

பிரேக்கைப் பற்றித் தனியே கூறுதல் அவசியம். மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று உள்ளது. மிதித்துக்கொண்டே இருக்கையில் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்துள்ளது. அல்லது எங்கோ ஒழுகுகிறது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரத்தின் பிடிப்புக் குறைந்துள்ளது. இரும்போடு இரும்பு உரசும் ஒலி கேட்டால் லைனர் முற்றும் தேய்ந்துவிட்டது. டப்பாவில் ஆயில் மட்டம் தாழ்ந்துகொண்டே வந்தால், ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடலாகாது; லைனர் தேய்வா, ஒழுக்கா என்று காரணத்தைக் காணல் வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 வகைப் புது ஆயில் 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதியாது இருத்தல் வேண்டும் என்பது அதன் தர அளவு. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 ஆகத் தாழ்கிறது. பாரத்தோடு இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கிவிடும், மிதி வெறுமனே தரையைத் தொடும். ஆதலின் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றிவிடுதல் வேண்டும். திறந்து வைத்த பழைய டப்பாவிலிருந்து ஊற்றலாகாது. பிரேக் ஆயிலுக்குப் பதிலாக வேறு எண்ணெய் ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டு, பிரேக் முழுவதும் பழுதாகிவிடும்.

டிரம்மைக் கழற்றும்போது அங்குள்ள தூசியை வாயாலோ காற்றாலோ ஊதலாகாது. பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கலாம். அது நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. ஈரத்துணியால் துடைத்தெடுக்க.

புகை சொல்லும் செய்தி

கரும்புகை, காற்றுப் போதாமையையோ டீசல் மிகுதியையோ காட்டும். முதலில் ஏர் பில்டரைப் பார்க்க. நீலப்புகை, ஆயில் எரிவதைக் காட்டும். ரிங்குகளோ வால்வு சீல்களோ தேய்ந்திருக்கலாம். வெண்புகை குளிர்காலையில் சிறிது வந்து மறைந்தால் கவலையில்லை. சூடேறியபின்னும் தொடர்ந்தால் டீசல் எரியாமல் வருகிறது, அல்லது நீர் உள்ளே புகுகிறது. ரேடியேட்டர் நீர் காரணமின்றிக் குறைதல், அந்நீரில் எண்ணெய் மிதத்தல், எஞ்சின் ஓடும்போது டப்பாவில் குமிழி எழுதல் ஆகியவை ஹெட் கேஸ்கட் போனதற்கு அடையாளம். அந்நிலையில் இன்னும் ஒரு நடை ஓட்டிவிடலாம் என்ற ஆசை, ஹெட்டையே வளைத்துவிடும்.

நாம் தொடலாகாதவை

டீசல் பம்பையும் நாசிலையும் பிரித்தல், மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தல், ஸ்டியரிங் பெட்டி, கிரவுன் பெட்டியின் பற்சக்கரங்கள், ஹெட் இறக்குதல், சேஸிஸ் பற்றவைத்தல் ஆகியவை பயின்ற மெக்கானிக்குக்கே உரியன. இவற்றில் துணிவு சிக்கனம் ஆகாது. ஆயினும் குறையை விளங்கச் சொல்லும் உடையவன் பட்டறையில் ஏமாறமாட்டான். ‘வண்டி இழுக்கவில்லை’ என்று மட்டும் சொல்லுபவன் பத்துச் சாமான் மாற்றி வருவான். ‘மேட்டில் மூன்றாம் கியரில் கரும்புகை வருகிறது, ஏர் பில்டர் சென்ற வாரம்தான் மாற்றினேன்’ என்று சொல்லுபவனுக்கு ஒரு சாமானோடு வேலை முடியும். மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தலும் நல்ல பழக்கமே.

கணக்கேடு

வண்டிக்கு இன்றியமையாத கருவி ஸ்பேனர் அன்று, கணக்கேடு. தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய டீசல், செய்த வேலை, கொடுத்த பணம் என ஐந்து பத்தி போதும். டாங்கி நிரம்ப ஊற்றி, மறுமுறை நிரப்பும்வரை ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு ஓடிய தூரம் கிட்டும். 14 கிலோமீட்டர் ஓடிய வண்டி 12 ஆகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுவோர்க்கு 107 லிட்டர் செலவான இடத்தில் 125 லிட்டர் செலவாகும். மாதந்தோறும் 18 லிட்டர் விரயம். காற்றுக் குறைந்த டயரோ, அடைத்த பில்டரோ, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கோ அதற்குக் காரணமாக இருக்கும். ஏடு இல்லாதவனுக்கு இவ்விழப்பு ஒருநாளும் கண்ணிற்படாது.

ஆண்டுக்கு இரு பெரும் பார்வைகள் வைத்துக்கொள்ளல் நன்று. மாசியில், பலாப் பருவம் தொடங்குமுன், ரேடியேட்டர், பெல்ட், டயர், பிரேக், பட்டை ஆகிய பாரம் தாங்குவன எல்லாம். புரட்டாசியில், மழை இறங்குமுன், வைப்பர், விளக்கு, பாட்டரி, டீசல் பில்டர், படுதா, அடிப்புறத் துரு ஆகிய நீர் தொடுவன எல்லாம். எட்டாண்டுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. பெறல் வேண்டுமாதலின், அதனையும் இப்பார்வைகளுள் ஒன்றோடு இணைத்துக்கொண்டால் செலவும் அலைச்சலும் குறையும். எப்.சி.க்காக மட்டும் ஒருநாள் நல்ல டயரை இரவல் மாட்டிக் கழற்றுவது, அதிகாரியை ஏமாற்றுவதன்று. நம் பிள்ளைகளை ஏமாற்றுவதாகும்.

சங்கம் செய்யக்கூடியது

இரும்புத் தாங்கி, நல்ல ஜாக்கி, கிரீஸ் கன், டார்க் ரெஞ்ச், வோல்ட் மீட்டர், காற்றுமானி ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குதல் வீண். ஆண்டில் சில நாட்களே பயன்படும் கருவிகளைச் சங்கம் ஒரு தொகுதியாக வாங்கி, பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் செல்ல விடலாம். ஒரே வகை வண்டி வைத்திருப்போர் சேர்ந்து பில்டரும் ஆயிலும் மொத்தமாக வாங்கினால், விலை குறைவதோடு, போலிச் சாமானிலிருந்தும் தப்பலாம். மாசிக்கும் புரட்டாசிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீதம், தேர்ந்த மெக்கானிக் ஒருவரைச் சங்க முற்றத்துக்கு அழைத்து, வண்டிகளை வரிசையாக நிறுத்தி, உடையவர்களே தம் கையால் சோதிக்கக் கற்பித்தல் பெரும்பயன் தரும். வண்டியை நாளும் ஓட்டுகின்ற இளைஞர்களும், வரவு செலவு பார்க்கின்ற பெண்மக்களும் அவ்வகுப்பில் இருத்தல் வேண்டும்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் பலாவையும் முந்திரியையும் சாய்த்தபோது, பல்லாண்டு உழைப்பு ஒரு நாளில் போயிற்று. அதனைத் தடுக்க நம்மால் இயலவில்லை. இயற்கையால் வரும் இழப்பு அத்தகையது. பாராமையால் வரும் இழப்போ நாள்தோறும் ஐந்து நிமிடத்தால் தடுக்கத்தக்கது. தடுக்கத்தக்கதைத் தடுத்தலே கூட்டுறவாளர்க்குரிய சிக்கனம்.

படிப்பு வட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. ஒரு வண்டியின் மொத்த எடை 2,750 கிலோ. வெறும் எடை 1,600 கிலோ. ஓட்டுநரும் உடன் செல்பவரும் 130 கிலோ. படுதாவும் கயிறும் 30 கிலோ. பலா ஒன்று 18 கிலோ ஆனால் எத்தனை பழம் ஏற்றலாம்?

2. எஞ்சின் ஓடும்போதும் வோல்ட் மீட்டர் 12.3 மட்டுமே காட்டுகிறது. முதலில் எதனைப் பார்ப்பீர்கள்? ஏன்?

3. வெள்ளத்தில் நின்ற வண்டியில் முதற்கண் செய்யவேண்டியது எது? செய்யக்கூடாதது எது?

4. பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் தாழ்ந்திருந்தால், நிரப்புவது மட்டும் போதாது என்பது ஏன்?

5. உங்கள் வண்டி சென்ற மாதம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று? விடை கூற இயலாவிடில், இன்றே ஒரு கணக்கேடு தொடங்குக.

6. நம் சங்கத்தில் பொதுக் கருவித் தொகுதி அமைப்பதாயின், எவ்வெவற்றை முதலில் வாங்கலாம்? அவற்றைப் பேணும் பொறுப்பு யாருடையது?